2 அடித் தொட்டி, 4 ஆண்டுகள், 3 விளக்குகள்: நீர்ச்செடிகளுக்கான ஒளி குறித்து என் அனுபவம்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஒன்றில் வாங்கிய நன்னீர்த் தொட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில் 4 ஆண்டுகளாக இருக்கிறது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட அதில் மணல், கல், மரக்கட்டை ஆகியவை போக ஏறக்குறைய 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். கட்டையில் கட்டிய அனுபியாஸ் நானாவும் ஜாவா ஃபெர்னும், முன்பகுதியில் கிரிப்டோகோரைன் வென்ட்டியும், பின்பகுதியில் ரொட்டாலாவும் வளர்கின்றன. செடிகளுக்குக் கரியமில வாயு ஊட்டும் சிலிண்டர் வைக்கவில்லை. பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விவரமே அடிப்படை. விளக்கு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு வெளிச்சம் தரும் என்று கேட்கிறார்கள். இப்படிப்பட்ட தொட்டிக்கு, வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்று கேட்பதே முதல் தேவை என்பது, மூன்று விளக்குகளைப் பயன்படுத்திய பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு.

முதல் விளக்கு தொட்டியின் மூடியோடு சேர்ந்தே வந்தது. நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த அந்த ஒளியில் நியான் டெட்ரா மீன்கள் மின்னின. செடிகளோ ஆறே வாரங்களில் வாடத் தொடங்கின. ரொட்டாலாவின் தண்டில் கணுவுக்குக் கணு 1 சென்டிமீட்டர் இருந்த இடைவெளி 3 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டது. கீழ் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நுனியில் மட்டும் வெளிறிய நான்கைந்து இலைகளோடு தண்டு மேற்பரப்பை நோக்கிச் சாய்ந்தது. செடி ஒளிக்கு ஏங்கி நீள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. அதே மங்கலான ஒளியில் கிரிப்டோகோரைன் மட்டும் புது இலை விட்டுக்கொண்டிருந்ததும் கவனிக்கத் தக்கது. இலங்கையின் நிழல் படர்ந்த ஓடைகளில் வளரும் செடி அது. குறைந்த ஒளி அதற்குப் புதிதல்ல.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு, மின்சாமான் கடையில் கிடைக்கும் 2 அடி எல்இடி பேட்டன் விளக்கை (நீளமான பட்டை வடிவ வீட்டு விளக்கு) வாங்கி மாட்டினேன்: 10 வாட், 6500 கெல்வின், அட்டையில் 1000 லூமென் என்று குறிப்பிட்டிருந்தது. 'செடிக்கென்று' தனி விளக்குதான் வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருப்பதால் இதைச் சற்று விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். லூமென் என்பது மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டிய அளவு. நம் கண்ணுக்குப் பச்சையை ஒட்டிய ஒளியே மிகப் பிரகாசமாகத் தெரியும். செடிகளோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி முழுவதையும், பச்சை உட்பட, ஏதோ ஓர் அளவில் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகின்றன. ஆகவே சாதாரண வெள்ளை எல்இடி செடி வளர்க்கப் போதுமானது. 6500 கெல்வின் என்பது பகல் வெளிச்சத்தை ஒத்த நிறத்தைக் குறிக்கிறதே தவிர, ஒளியின் அளவைக் குறிக்கவில்லை. ஒரு மாதத்திற்குள் ரொட்டாலா நெருக்கமான கணுக்களோடு தழைத்தது. மாலை வேளைகளில் இலை விளிம்புகளில் குண்டூசித் தலையளவு ஆக்சிஜன் குமிழிகள் வரிசையாக நின்றதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த மகிழ்ச்சியில் இன்னொரு பேட்டனையும் சேர்த்து, இரண்டையும் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை எரியவிட்டது நான் செய்த பெரிய தவறு. மூன்றாவது வாரம் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் தோன்றின. இரண்டாவது மாதம் அனுபியாஸ் இலைகளின் ஓரங்களில் கருமையான, குட்டையான மயிர்க் கற்றைகள் முளைத்தன. விரலால் தேய்த்தாலும் பிரஷ்ஷால் சுரண்டினாலும் அவை அசையவில்லை. வளர்ப்பவர்கள் கருந்தாடிப் பாசி என்று சொல்வது அதைத்தான். காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவான கரியமில வாயுவே கரைந்திருக்கும். சிலிண்டர் வைப்பவர்கள் அதை 20 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்த்துகிறார்கள். ஒளியை இரட்டிப்பாக்கினாலும் உண்பதற்குப் போதிய கரியமில வாயு இல்லாத செடியால் அதைப் பயன்படுத்த முடியாது. மிஞ்சிய ஒளி பாசிக்குப் போகிறது. மாதக்கணக்கில் ஒரே இலையைத் தாங்கி நிற்கும் அனுபியாஸ் போன்ற மெதுவான செடிகளே முதலில் அடிபடும். ஒரு பேட்டனைக் கழற்றி, ஒளி நேரத்தை 7 மணி நேரமாகக் குறைத்து, பாசி பிடித்த 11 இலைகளை அடியோடு வெட்டியெடுத்த பிறகு, தொட்டி தெளிய மூன்று மாதங்கள் பிடித்தன.

பேட்டனைக் கைவிட்டதற்குக் காரணம் ஒளி அல்ல, பாதுகாப்பு. தண்ணீரின் ஈரம் படிந்து படிந்து அதன் முனை மூடிக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஒரு நாள் ஈரக் கையால் நகர்த்தியபோது விரலில் சுரீரென்று மின்சாரம் தட்டியது. 230 வோல்ட் நேரடியாகச் செல்லும், நீர் புகாத் தன்மை இல்லாத எந்த விளக்கையும் திறந்த தொட்டியின் மேல் வைக்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். அதன் பிறகு தொட்டிக்கான இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பானும் பொருத்தினேன்.

இப்போது இரண்டரை ஆண்டுகளாக இருப்பது 24 வோல்ட் அடாப்டரில் இயங்கும், நீர் புகாத ஐபி67 தரம் கொண்ட, ஒளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 18 வாட் தொட்டி விளக்கு. வெள்ளையோடு சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளும் அதில் இருக்கின்றன. தொட்டியைக் காலி செய்து மறுபடி அமைத்த நாளில், கைப்பேசியை அடித்தளத்தில் மல்லாக்க வைத்து லக்ஸ் அளவை (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) குறித்துக்கொண்டேன்: முழு ஒளியில் 5,000, பாதியில் 2,500. வெள்ளை எல்இடிக்கு லக்ஸை ஏறத்தாழ 70ஆல் வகுத்தால் செடிகள் பயன்படுத்தும் ஒளியின் அளவான மைக்ரோமோல் கணக்கு தோராயமாகக் கிடைக்கும். அதன்படி முழு ஒளியில் 70, பாதியில் 35. கைப்பேசி துல்லியமான கருவி அல்ல. ஆயினும் அதே கைப்பேசியில் இன்றைய அளவையும் சென்ற மாத அளவையும் ஒப்பிடப் போதுமானது. சிலிண்டர் இல்லாத என் தொட்டிக்கு 30 முதல் 40 வரையிலான அளவு சரியாகப் பொருந்தியது. ரொட்டாலா சிவக்கவில்லை, பச்சையாகவே வளர்கிறது; அந்தச் சிவப்பு வேண்டுமென்றால் ஒளியோடு வாயுவும் உரமும் சேர்ந்து உயர வேண்டும்.

ஒளி குறைவதற்கு விளக்கு மட்டும் காரணமாவதில்லை. எங்கள் போர் தண்ணீரின் உப்பு மூன்று வாரத்தில் மேல்மூடிக் கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். அந்தப் படலத்தின் கீழ் கைப்பேசியைப் பிடித்தபோது, சுத்தமான கண்ணாடியில் இருந்த அளவில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். கோடையில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும்போது செடிகளின் சுவாசம் கூடி வளர்ச்சி மந்தமாகும். அப்போது ஒளியைக் கூட்டத் தோன்றும், கூட்டக்கூடாது. சிறு விசிறி ஒன்றை நீர்ப்பரப்பை நோக்கி வைத்தாலே 2 டிகிரி இறங்குகிறது.

நேரம் தவறாமை பற்றி இறுதியாகச் சொல்ல வேண்டும். சுழல்தகட்டு டைமர் மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். சில மாதங்களில் மாலை 3 மணிக்கு எரிய வேண்டிய விளக்கு 5 மணிக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு மாறியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இப்போதைய விளக்கோடு வந்த பொத்தான் கட்டுப்பாட்டுக் கருவிக்கு நினைவு இல்லை என்பது, ஒரு முறை ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் தெரிந்தது: மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் விளக்கு முழு ஒளிக்குத் திரும்பியிருக்கிறது, 12 நாட்களில் கண்ணாடி முழுவதும் பச்சை. அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு, கையால் திருகி ஒளியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் டிம்மரை இடையில் இணைத்தேன். குமிழ் வைத்த இடத்தில் நிற்கும். டிம்மர் உள்ள விளக்கை வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒளியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் செருகச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.