டோரியனைக் கெடுத்தது யார்: ஹென்றியா, பாசிலா?

ஆஸ்கர் வைல்டு 1890இல் ஒரு மாத இதழில் வெளியிட்டு, 1891இல் விரித்துப் புத்தகமாக்கிய நாவல் 'டோரியன் கிரேயின் ஓவியம்'. டோரியன் என்ற அழகான இளைஞனை ஓவியர் பாசில் வரைகிறார்; அவன் முகம் இளமையாகவே இருக்க, அவன் செய்யும் பாவமெல்லாம் அந்த ஓவியத்தில் தெரிகிறது. அவன் கெட்டுப்போனதற்குப் படித்தவர்கள் பெரும்பாலும் அவன் நண்பர் ஹென்றி பிரபுவின் தலையில்தான் பழியைப் போடுகிறார்கள். "இவனைக் கெடுத்துவிடாதே" என்று பாசில் முதல் அத்தியாயத்திலேயே அவரிடம் கெஞ்சுகிறார். ஹென்றி கேட்கவில்லை. இளமை போனால் எல்லாம் போயிற்று என்று தோட்டத்தில் பேசிப் பேசியே பையனின் மனதைக் கலைத்துவிடுகிறார்.

அந்தப் பேச்சை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நண்பர்களையும் எடைபோட நாவலில் வேறோர் இடம் இருக்கிறது: டோரியன் காதலித்த நடிகை சிபில் வேன் இறந்ததை ஒட்டி வரும் இரண்டு நாட்கள்.

முந்தின இரவு டோரியன் அவளை ஈவிரக்கமில்லாமல் உதறிவிட்டு வந்திருக்கிறான். விடிந்தபின் ஓவியத்தின் உதட்டில் தெரியும் கொடூரம் அவனை உலுக்குகிறது. மன்னிப்புக் கேட்டுப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறான், அவளையே மணப்பது என்று முடிவும் செய்கிறான். அவள் இறந்த சேதியோடு ஹென்றி அனுப்பிய கடிதம் பிரிக்கப்படாமல் ஒரு பக்கம் கிடக்கிறது. அப்புறம் ஹென்றியே நேரில் வருகிறார். அந்தச் சாவை ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி போல அழகாக்கிக் காட்டுகிறார். அன்று இரவே இருவரும் ஆப்பரா என்ற இசை நாடகத்துக்குப் போகிறார்கள். திருந்த நினைத்தவனைத் தடுத்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை பாசில் வருகிறார். அவள் பிணமாகக் கிடக்கும்போது ஆப்பராவா என்று பதறுகிறார். இந்தப் பதற்றம் ஹென்றியிடம் துளியும் இல்லை. ஆனால் டோரியன் கொஞ்சம் குழைந்து பேசியதும் பாசில் இளகிவிடுகிறார். இந்த அலட்சியம் தானாகப் போய்விடும் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். அவர் நேசித்தது உண்மை, ஆனால் கண்டிக்க வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டார். பல வருஷம் கழித்து, டோரியனின் 38ஆவது பிறந்தநாளுக்கு முந்தின இரவு, உன்னோடு பழகிய இளைஞர்கள் ஏன் இப்படி நாசமாகிறார்கள் என்று கேட்கிறார். அன்றே டோரியனின் கத்திக்குத்தில் சாகிறார். கேட்ட ஒரே நண்பர் அவர்தான்.

சரி, டோரியன் வெறும் களிமண்ணா? இல்லை. ஆலன் கேம்ப்பெல் கதையைப் பாருங்கள். ஒரு காலத்தில் பிரியாத நண்பர், பிறகு முகம் கொடுத்தும் பேசாதவர், வேதியியல் அறிந்தவர். பாசிலின் உடலை அழித்துத் தரச் சொல்லி அவரைக் கூப்பிடுகிறான் டோரியன். முடியாது என்கிறார். ஒரு துண்டுத்தாளில் ஏதோ எழுதி, மடித்து, மேஜையில் தள்ளுகிறான். படித்த ஆலனின் முகம் வெளிறிப்போகிறது. தாளில் என்ன இருந்தது என்று வைல்டு சொல்வதே இல்லை. பின்னால் ஆலன் தன்னையே சுட்டுக்கொள்கிறார். இந்த மிரட்டலை அவனுக்கு ஹென்றி சொல்லித்தரவில்லை, பாசிலும் சொல்லித்தரவில்லை.

ஆனாலும் டோரியன் கடைசிவரை பழியைத் தள்ளிவிடத்தான் பார்க்கிறான். ஒரு புத்தகம் கொடுத்து என்னை விஷமாக்கினாய் என்று ஹென்றியிடமே சொல்கிறான். சற்று முன், பாசிலை நான்தான் கொன்றேன் என்றால் என்ன சொல்வாய் என்றும் கேட்டிருந்தான். அந்த வேஷம் உனக்குப் பொருந்தாது என்றார் ஹென்றி. காணாமல் போன பாசில் பாரிஸில் பஸ்ஸிலிருந்து சேன் ஆற்றுக்குள் விழுந்திருப்பார் என்று சொல்லிவிட்டு, பியானோ வாசிக்கச் சொன்னார்.