ஃபேர் பிளானை 'ஃபுல் கவரேஜ்' என்று விற்கிறார்கள், கலிஃபோர்னியா மக்களே உஷார்

நேற்று ராத்திரி எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் வந்து விழுந்தது. பின்னால் எரிகிற மலை, முன்னால் பல்லைக் காட்டிச் சிரிக்கிற குடும்பம். "வீட்டு இன்சூரன்ஸ் போய்விட்டதா? ஒரே நாளில் ஃபுல் கவரேஜ்!" போட்டவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறு கம்பெனி எடுத்துக்கொள்ளாத வீடுகளுக்கான ஃபேர் பிளான் என்ற பாலிசியை இதே 'ஃபுல் கவரேஜ்' என்று என் தலையில் கட்டியவர். குரூப்பில் நாலு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அந்த நாலு பேருக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது எல் டொராடோ கவுண்டி. சாக்ரமென்டோவிலிருந்து ஹைவே 50-இல் கிழக்கே மலை ஏறத் தொடங்குகிற இடம். 2016-இல் வீடு வாங்கும்போது ஓக் மரங்களைப் பார்த்து மயங்கினோம். இன்சூரன்ஸ்காரன் கண்ணுக்கு அதே மரங்கள் விறகு என்பது அப்போது உறைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் கால்டோர் தீ வந்தது. கிரிஸ்லி ஃப்ளாட்ஸ் ஊரில் பெரும்பகுதி சாம்பல், போலக் பைன்ஸ்காரர்கள் ராவோடு ராவாகக் கிளம்பினார்கள், கடைசியில் சௌத் லேக் டாஹோவையே காலி செய்யச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் காரின் மேல் சாம்பல் படிந்தது, அவ்வளவுதான்.

அப்போது ஒரு விதி எங்களைக் காப்பாற்றியது. கவர்னர் அவசரநிலை அறிவித்த பெரிய தீ என்றால், தீ எரிந்த எல்லைக்குள் இருக்கும் ஜிப் கோடுகளிலும் (நம் ஊர் பின்கோடு மாதிரி) அதை ஒட்டிய ஜிப் கோடுகளிலும் ஒரு வருஷத்துக்குக் காட்டுத்தீ அபாயத்தைக் காரணம் காட்டி வீட்டு பாலிசியை நிறுத்தக் கூடாது. 2018-இல் வந்த சட்டம். 2025 ஜனவரியில் பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்களுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பலருக்கும் இதே பாதுகாப்புதான் கிடைத்தது. நான் செய்த முதல் முட்டாள்தனம், இதை நிரந்தரம் என்று நினைத்தது. அது ஒரு வருஷத் தவணை. நீங்கள் பிரீமியம் கட்டாமல் விட்டால் அந்த ஒரு வருஷமும் கிடையாது.

2023 ஜூன் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. செப்டம்பரில் முடிகிற பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம், காரணம் காட்டுத்தீ அபாயம். ஏழு வருஷத்தில் ஒரு கிளெய்ம் போட்டதில்லை. பலர் இதை 'கேன்சல்' என்கிறார்கள். இரண்டும் வேறு. புதிதாக எடுத்து 60 நாள் தாண்டிய பாலிசியை, பணம் கட்டாதது, பொய் சொன்னது போன்ற சில காரணங்களுக்குத்தான் நடுவில் கேன்சல் செய்ய முடியும். மேலே சொன்ன அந்த ஒரு வருஷம் போக, புதுப்பிக்காமல் விடுவதற்குத் தடை இல்லை, 75 நாள் முன்னால் எழுத்தில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். கடிதம் கையில் வந்தால் முதலில் எண்ண வேண்டியது அந்த 75 நாளைத்தான்.

அந்த 75 நாளில் முதல் நாற்பதை வீட்டு வேலையில் செலவழித்தோம். ஜன்னலடியில் இருந்த ஜூனிபர் புதர்களை வெட்டினோம். சுவரிலிருந்து ஐந்தடிக்கு மரச்சீவலை எல்லாம் வாரிவிட்டுச் சரளைக்கல் போட்டோம். கூரைக்கடியில் காற்று போக இருக்கும் அட்டிக் வென்டுகளில் எட்டில் ஒரு அங்குலக் கம்பிவலை அடித்தோம், தீப்பொறி உள்ளே போகாமல் இருக்க. எல்லாவற்றையும் படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்பினோம். "முடிவில் மாற்றமில்லை" என்று இரண்டு வரி பதில். ஒரு ஆள் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வேலைகளை வீண் என்று சொல்ல மாட்டேன். வீட்டைத் தீயிலிருந்து காப்பது சரளைக்கல்தான், பாலிசி இல்லையே.

எனக்கு அப்போது தெரியாத ஒன்று. 2022 அக்டோபரில் மாநில இன்சூரன்ஸ் துறை கொண்டுவந்த விதிப்படி, கம்பெனி உங்கள் வீட்டுக்குப் போட்டிருக்கும் காட்டுத்தீ அபாய மதிப்பெண்ணை நீங்கள் கேட்டு வாங்கலாம், தப்பு என்றால் முறையீடு செய்யலாம், மேலே சொன்ன மாதிரி வேலைகளுக்குத் தள்ளுபடியும் தர வேண்டும். முறையீடு செய்ததால் பாலிசியைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எங்கள் மதிப்பெண்ணில் எந்தத் தகவல் தவறு என்று தெரிந்திருந்தால் அடுத்த கம்பெனியிடம் பேசவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அடுத்த கம்பெனி என்று ஒன்று இருந்தால்தானே! மாநிலத்திலேயே பெரிய வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனி 2023 மே மாதம்தான் புது பாலிசிகளை நிறுத்தியிருந்தது. பதினொரு இடத்துக்குப் போன் செய்தேன். ஜிப் கோடு சொல்லும்வரை தேனாகப் பேசுவார்கள். சொன்னதும் கீபோர்டு சத்தம், ஒரு பெருமூச்சு, "சாரி மேம்." கம்பெனிகளை மட்டும் திட்டியும் பயனில்லை என்பது என் கட்சி. 1988-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த பிரபோசிஷன் 103-இன்படி இங்கே கட்டணத்தை ஏற்ற முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பழைய நஷ்டக் கணக்கை மட்டும் வைத்துத்தான் தீ அபாயத்துக்கு விலை போட முடியும் என்ற நிலை பல வருஷம் ஓடியது. 2018-இல் பாரடைஸ் ஊர் ஒரே நாளில் எரிந்து 85 பேர் போன பிறகு, அந்த விலைக்கு யாரும் மலைப்பக்கம் எட்டிப்பார்க்கத் தயாராக இல்லை. 2024 கடைசியில்தான் வருங்காலத்தைக் கணிக்கும் மாடல்களை வைத்து விலை போடலாம், பதிலுக்கு அபாயப் பகுதிகளில் கூடுதலாக விற்க வேண்டும் என்று விதி மாறியது. என் செப்டம்பருக்கு அது உதவவில்லை.

இந்த நிலையில்தான் நம்ம ஏஜென்ட். கோயிலில் பழக்கம், பையன் என் மகனோடு படிக்கிறான். போனிலேயே, "அக்கா, இதுக்குப் போய் தூக்கம் கெடுக்கறீங்களா? நான் பாத்துக்கறேன். எல்லாம் கவர் ஆயிடும்" என்றார். 'எல்லாம்'. இன்றைக்கும் காதில் நிற்கிற வார்த்தை. அவர் போட்டுக் கொடுத்தது ஃபேர் பிளான். பழைய பிரீமியம் 2,140 டாலர், இது 3,910. இரண்டு மடங்குகூட ஆகவில்லையே என்று எங்கள் வீட்டுக்காரர் சந்தோஷமாகக் காபி போட்டுக் கொடுத்தார்.

ஃபேர் பிளான் மோசடி இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பலர் நினைப்பது போல அது அரசாங்க இன்சூரன்ஸும் இல்லை. மாநிலத்தில் வீட்டு இன்சூரன்ஸ் விற்கும் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து நடத்துவது. 1968-இல் சட்டம் போட்டு உருவாக்கியது. வேறு யாரும் எடுத்துக்கொள்ளாத வீட்டுக்குக் கடைசிப் புகலிடம். ஆனால் அதன் அடிப்படை பாலிசி நெருப்பு, மின்னல், புகை, வீட்டுக்குள் வெடிப்பு, இவற்றுக்குத்தான். திருட்டு கிடையாது. குழாய் உடைந்தால் கிடையாது. உங்கள் படியில் வழுக்கி விழுந்தவர் வழக்குப் போட்டால் கிடையாது. இந்த ஓட்டையை அடைக்க வேறொரு கம்பெனியில் 'டிஃபரன்ஸ் இன் கண்டிஷன்ஸ்', சுருக்கமாக டி.ஐ.சி., என்று தனி பாலிசி எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பழைய பாலிசிக்குக் கொஞ்சமாவது ஈடு. அந்த மூன்றெழுத்தை அவர் வாயிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். மகனை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தேன். போனில் லிங்க் வந்தது. "இன்னிக்கே போட்டுடுங்க அக்கா, டேட் நெருங்குது." மஞ்சள் பட்டனை விரலால் தட்டத் தட்டப் பக்கம் ஓடியது. எத்தனை கையெழுத்து என்று எண்ணவில்லை. பிறகு அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, ஒரு பக்கத்தில் இது முழு வீட்டு பாலிசி இல்லை, திருட்டும் தண்ணீர்ச் சேதமும், மற்றவர் காயத்துக்கு நாம் தர வேண்டிய நஷ்டஈடும் இதில் வராது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து.

2024 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. மாடி பாத்ரூமில் டாய்லெட்டுக்குத் தண்ணீர் போகும் சின்ன ஹோஸ் ராத்திரியில் பிய்த்துக்கொண்டது. காலையில் மாமியார் காபி போடப் போனவர், "ஏம்மா, சீலிங் என்ன இப்படித் தொங்குது?" என்று கூப்பிட்டார். சமையலறைக் கூரை கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பி இருந்தது. அதன் கீழே அவர் அண்டாவைக் கொண்டுவந்து வைத்த ஐந்தாவது நிமிஷம் கூரையே பிளந்து, அண்டா, அடுப்பு, புதிதாகப் போட்ட மரத்தரை எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறக் கூழாகக் கொட்டியது. சுவரை அறுத்து, ஊதுவிசிறிகள் ஆறு நாள் ஓடி, தரையைப் பெயர்த்து மாற்றி, மொத்தம் 23,600 டாலர்.

கிளெய்ம் போட்டேன். போனில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நெருப்பு ஏதாவது இருந்ததா?" என்றார். இல்லை என்றேன். பேச்சு அங்கே முடிந்தது.

ஏஜென்டைக் கூப்பிட்டேன். முதலில் எடுக்கவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, "அக்கா, பிரீமியம் கம்மியா இருக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க?" என்றார். கேட்டேன்தான். யார் கேட்க மாட்டார்கள்? கம்மியாக்க எதை எடுத்தார் என்று சொல்லியிருக்க வேண்டாமா?

அதற்குப் பிறகுதான் பாலிசியின் தொகைகளைப் பட்டியலிடும் டிக்ளரேஷன் பக்கத்தை, பழையதையும் புதியதையும் சாப்பாட்டு மேஜையில் அருகருகே வைத்து வரி வரியாகப் பார்த்தோம். டி.ஐ.சி. இல்லாதது ஒன்று. பழைய பாலிசியில் வீட்டைத் திரும்பக் கட்ட 6,85,000 டாலர், அதற்கு மேல் இன்னும் 25 சதவீதம் வரை இடம். புதியதில் 4,30,000, அதோடு நிறுத்தம். அதுவும் 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ' கணக்கில். அதாவது 18 வருஷக் கூரை எரிந்தால் 18 வருஷத் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். புதுக் கூரையின் முழு விலை வேண்டுமென்றால் 'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' என்று தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்த விலையின் ரகசியம் இதுதான். குழாய்க்குப் பதிலாகத் தீயே வந்திருந்தாலும் பாதி வீடுதான் கட்டியிருப்போம். உண்மையைச் சொன்னால், அந்த ஹோஸ் எனக்கு நல்லதுதான் செய்தது.

நடுவில் வீட்டுக்கடன் கம்பெனி கூத்து வேறு. பாலிசி மாறிய தாளை ஏஜென்ட் அவர்களுக்கு அனுப்பவில்லை. 'இன்சூரன்ஸ் ஆதாரம் இல்லை' என்று வந்த முதல் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். நினைவூட்டலும் வந்திருக்கிறது, பார்க்கவில்லை. அவர்களே ஒரு பாலிசி எடுத்து எஸ்க்ரோவில், அதாவது மாதத் தவணையோடு இன்சூரன்ஸுக்கும் வரிக்கும் வசூலிக்கும் கணக்கில், ஏற்றிவிட்டார்கள். அந்த மாதிரி பாலிசி கடன் கொடுத்தவரைக் காப்பதற்கு, நம் சாமானுக்கு அல்ல. விலையோ யானை விலை. ஆதாரத்தை அனுப்பியதும் இரண்டு பாலிசியும் ஒன்றாக ஓடிய காலத்துக்கான பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அதுவரை மாதத் தவணை எகிறியது எகிறியதுதான்.

மாநில இன்சூரன்ஸ் துறையில் ஆன்லைனில் புகார் கொடுத்தேன். அவர்கள் ஏஜென்டிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் என் கையெழுத்துப் பக்கத்தை அனுப்பி வைத்தார். வாய்வார்த்தைக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரே ஒரு மெசேஜ் இருந்தது: "டன் அக்கா, யூ ஆர் கவர்ட்." எதற்கு கவர்ட் என்று அதில் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கேள்வியைப் போனில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்: "குழாய் உடைந்தால் வருமா? திருடு போனால்? யாராவது விழுந்தால்? திரும்பக் கட்ட எவ்வளவு, தேய்மானம் கழிப்பீர்களா?" பதிலும் எழுத்தில் வரட்டும். எழுத்தில் பதில் போடத் தயங்குகிற ஏஜென்டிடம் கையெழுத்து போடாதீர்கள். லைசென்ஸ் எண்ணைத் துறையின் தளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம்தான். இன்னொன்று, மாநில அனுமதிக்கு வெளியே இருக்கும் 'சர்ப்ளஸ் லைன்ஸ்' கம்பெனி பாலிசியைக் காட்டினால் எடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கம்பெனி திவாலானால் மாநில உத்தரவாத நிதி உங்கள் கிளெய்முக்குக் கை கொடுக்காது. தெரிந்தே எடுங்கள்.

இப்போது எங்களிடம் இருப்பது வேறொரு புரோக்கர் மூலம் எடுத்த ஃபேர் பிளான், திரும்பக் கட்டும் செலவுக்குச் சரியான தொகையில், ரீப்ளேஸ்மென்ட் காஸ்டோடு. கூடவே ஒரு டி.ஐ.சி. இரண்டும் சேர்த்து வருஷத்துக்கு 7,050 டாலர். வலிக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் சாதாரண கம்பெனிகளிடம் மறுபடி விலை கேட்கிறேன், இதுவரை கீபோர்டு சத்தமும் பெருமூச்சும்தான்.

ஏஜென்ட் பெயரைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள், சொல்ல மாட்டேன். அந்தப் போஸ்டருக்குக் கீழே மட்டும் நேற்று ராத்திரியே ஒரு வரி போட்டுவைத்தேன்: "தம்பி, இதில் டி.ஐ.சி. உண்டா?" இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. காலையில் பார்த்தபோது போஸ்டரைக் காணவில்லை.