256 ஜிபி என்று அச்சிட்ட மெமரி கார்டில் இருந்தது 32 ஜிபி: வாங்கும் முன் படித்துவிடுங்கள்

இரண்டு மெமரி கார்டுகள் வாங்கிய வகையிலும், அவற்றை நம்பிச் செய்த ஒரு வேலைக்குப் பெற்ற கூலியைத் திருப்பிக் கொடுத்த வகையிலும் என் அரை மாத வருமானம் போயிற்று. அந்தப் பணம் இனித் திரும்பி வராது என்பது நேற்று மாலைதான் உறுதியாயிற்று. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். விற்ற இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. யார் யாரோ விற்பனையாளர்கள் ஒரே பெயரின்கீழ் கடை விரித்திருக்கும் ஒரு பெரிய இணையச் சந்தை என்று சொன்னால் போதும். கேமராவுக்குக் கட்டுப்படியாகும் விலையில் நம்பகமான கார்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதையும் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

பாதி விலை, கால் விலை என்று கூவிய விளம்பரங்களை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாங்கியது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிறுவனத்தின் பெயர் தாங்கிய 256 ஜிபி எஸ்டி கார்டு. விலை அந்த நிறுவனமே சொல்லும் விலையைவிடச் சற்றே குறைவு; வாங்கத் தோன்றும் அளவுக்குக் குறைவு, சந்தேகம் எழும் அளவுக்குக் குறைவில்லை. ஏமாற்றுக்காரனுடைய கணக்கு முழுவதும் அந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் இருக்கிறது. பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்ற முத்திரையும், நாலரை நட்சத்திரமும், படித்து முடிக்க முடியாத அளவுக்கு மதிப்புரைகளும் இருந்தன. அவ்வளவு இருந்தும் உரையாடல் பெட்டியில் விற்பனையாளரிடம் நேரடியாகவே கேட்டேன், இது அசல்தானா என்று. உடனே பதில் வந்தது: "நூறு சதவீதம் ஒரிஜினல் சார். கம்பெனி பேக்கிங். டூப்ளிகேட்னு நிரூபிச்சா ரெண்டு மடங்கு பணம் திருப்பித் தர்றோம்." இரண்டு மடங்கு தருகிறேன் என்று எழுத்திலேயே ஒருவர் சொல்லும்போது யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். அந்த வரியைப் படித்த பிறகுதான் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுக்கு இரண்டாகவே வாங்கினேன்.

வந்து சேர்ந்த உறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் நிறம் மாறும் ஒட்டுத்தாள், பின்புறம் வரிசை எண், வேகக் குறியீடுகள் எல்லாம் அதனதன் இடத்தில். கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டு விசை அசல் கார்டில் நகர்வது போலவே இறுக்கமாக நகர்ந்தது. கேமராவில் போட்டு ஃபார்மேட் செய்தேன். இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று காட்டும் எண் 256 ஜிபிக்கு உரியதாகவே தெரிந்தது. கணினியும் 238 ஜிபி என்று காட்டியது. அது சரியான எண்தான். கார்டு தயாரிப்பவர்கள் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் கணினியோ 1024இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. ஆகவே அசல் 256 ஜிபி கார்டும் அதில் 238 என்றுதான் தெரியும். (இந்த 238 பின்னால் எப்படித் திரும்பி வந்தது என்று சொல்கிறேன்.)

வேலை ஒரு பள்ளியின் ஆண்டு விழா. காலையில் விளையாட்டுப் போட்டிகள், மாலையில் நடனமும் நாடகமும் பரிசளிப்பும். என் கேமராவில் ஒரு ரா கோப்பு (பதப்படுத்தாத மூலப் படம்) ஏறத்தாழ 30 எம்பி வரும். படம் எடுத்தவுடன் திரையில் ஒரு கணம் காட்டுகிறதல்லவா, அது ஒவ்வொரு முறையும் தெளிவாகவே தெரிந்தது. அந்தப் படம் கார்டிலிருந்து வருவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எடுத்தவுடன் தெரிவது கேமராவின் தற்காலிக நினைவகத்தில் இருக்கும் படம். கார்டு அதை வாங்கி வைத்துக்கொண்டதா, வாங்கி வெளியே கொட்டிவிட்டதா என்பது பிறகு திறந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

அன்றிரவு கணினியில் திறந்தபோது காலைப் படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் படங்கள் தாண்டியதும் ஒரு படத்தில் மேல்பாதியில் ஓட்டப் பந்தயத்தின் முடிவுக் கோடு, கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். அதற்கு அடுத்த படம் திறக்கவே இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. கோப்பின் பெயர் இருக்கிறது, எடுத்த நேரம் இருக்கிறது, அளவு 30 எம்பி என்று சரியாகவே காட்டுகிறது. உள்ளே தொடக்கம் முதல் கடைசி வரை வெறும் சுழியம். மாலை நிகழ்ச்சிகளில் ஒரு படம்கூடத் தேறவில்லை. மேடையேறிப் பரிசு வாங்கிய அத்தனை பிள்ளைகளின் பெற்றோருக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான், இரண்டு மடங்கு தருகிறேன் என்ற விற்பனையாளர் அல்ல. வாங்கிய கூலியை மறுநாளே பள்ளிக்குத் திருப்பிக் கொடுத்தேன். கார்டுகளின் விலையோடு சேர்த்துப் பார்த்தால், முன்பே சொன்னேன், அரை மாத வருமானம்.

அழிந்த படங்களை மீட்க ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது நல்ல மென்பொருள். தவறுதலாக அழித்த படங்களை, ஃபார்மேட் செய்த கார்டிலிருந்தும்கூட, பலமுறை மீட்டுத் தந்திருக்கிறது. ஆனால் கார்டில் எழுதவே படாத ஒன்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவது கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளில் போட்டேன். அது கார்டு முழுவதையும் கோப்புகளால் நிரப்பி, எழுதியதையெல்லாம் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். 29 ஜிபி வரை சரி, மற்றது எல்லாம் தொலைந்தது என்று முடிவு சொன்னது. கணினிக் கணக்கில் 29 என்றால் அது 32 ஜிபி கார்டு. நான் பணம் கொடுத்தது 256க்கு. ஒவ்வொரு கார்டிலும் 224 ஜிபி வெறும் அச்சு எழுத்து.

இந்த மோசடி எப்படிச் சாத்தியமாகிறது என்றால், மெமரி கார்டுக்குள் தரவைச் சேமிக்கும் சில்லு மட்டும் இல்லை. அதை நிர்வகிக்கும் ஒரு சின்னஞ்சிறு கட்டுப்பாட்டுச் சில்லும் இருக்கிறது. உன் கொள்ளளவு என்ன என்று கேமரா கேட்டால் பதில் சொல்வது அந்தச் சில்லுதான். அதன் உள்மென்பொருளை மாற்றிவிட்டால் 32ஐ 256 என்று சொல்லும், கேமராவுக்கு நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. உறையின்மேல் 200 பக்கம் என்று போட்டு, பொருளடக்கத்துக்கும் தாராளமாக இடம் விட்டு, உள்ளே 25 பக்கம் மட்டும் தைத்த நோட்டுப் புத்தகம் மாதிரி: எழுதியதற்கெல்லாம் பொருளடக்கத்தில் பெயர் ஏறிக்கொண்டே இருக்கும், பக்கம்தான் இருக்காது. சில போலிக் கார்டுகள் இதைவிட மோசம். இடம் தீர்ந்ததும் முதலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கி, நன்றாக இருந்த பழைய படங்களையும் அழித்துவிடும். ஆண்ட்ரூ ஹுவாங் என்ற வன்பொருள் பொறியாளர் 2010லேயே போலி மைக்ரோ எஸ்டி கார்டுகளைப் பிரித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். 2013 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் எஸ்டி கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லில் வேண்டிய நிரலை ஏற்றி ஓட்ட முடியும் என்பதைச் செய்தே காட்டினார்கள். இத்தனை காலமாகத் தெரிந்த மோசடி இது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கார்டை எடுத்து முழுக்க நிரப்பிப் பார்த்தால் போதும். அதற்கு ஆளில்லாத சந்தையில் 'சரிபார்க்கப்பட்ட' என்ற சொல்லுக்கு மட்டும் பஞ்சமில்லை.

இனி புகாரின் கதை. விற்பனையாளருக்குச் சோதனை முடிவின் படத்தோடு எழுதினேன். "கேமராவுலயே ஃபார்மேட் பண்ணிப் பாருங்க சார்" என்றார். செய்தேன், மறுபடியும் 256 என்று காட்டியது, மறுபடியும் 32ல் நின்றது. "அப்ப உங்க கேமராவுல பிரச்சினை" என்றார். வேறு கேமராவிலும் கணினியிலும் இதே முடிவு என்று காட்டியபோது, "எங்களுக்கு வேற யாரும் புகார் சொல்லல" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு மடங்கு பணத்தை நினைவூட்டினேன். நிரூபித்தால்தான் என்று பதில். சோதனை முடிவைவிட என்ன நிரூபணம் வேண்டும் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சந்தையின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனேன். அங்கே முதலில் பேசியவர், "கார்டுல கொஞ்சம் இடம் சிஸ்டத்துக்குப் போகும் சார், 256 வாங்கினா 238தான் காட்டும், அது நார்மல்" என்றார். இந்தப் பதில்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது. அவர் சொன்ன எண் உண்மை; அந்த உண்மையைக் கொண்டே 224 ஜிபியை மூடிவிடப் பார்த்தார். 238 தெரிவதைப் பற்றி நான் புகார் செய்யவில்லை, 29க்கு மேல் எதுவும் நிற்கவில்லை என்று விளக்கியதும் இன்னொருவருக்கு மாற்றினார்கள். அந்த இன்னொருவர், திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றார். பொருள் பழுதாகியிருந்தால் காலக்கெடு சரி. போலியான பொருளை விற்றதற்கும் காலக்கெடு உண்டா என்று கேட்டேன். போலி என்று கார்டின் நிறுவனம் எழுதித் தர வேண்டும் என்றார். நிறுவனத்துக்கு எழுதினேன். வரிசை எண் தங்கள் பதிவில் இல்லை, ஆகவே உத்தரவாதம் பொருந்தாது, விற்றவரை அணுகவும் என்று அவர்கள் நாகரிகமாகப் பதில் அனுப்பினார்கள். தன் பொருள் இல்லை என்று நிறுவனமே சொன்ன அந்தக் கடிதத்தை இணைத்து அனுப்பினால், சந்தையிலிருந்து வந்த விடை: "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்." இதற்கிடையில் நான் எழுதிய ஒற்றை நட்சத்திர மதிப்புரையும், தளத்தின் நெறிமுறைக்கு ஏற்றதல்ல என்று நீக்கப்பட்டுவிட்டது. அந்த நாலரை நட்சத்திரம் எப்படி நாலரையாகவே இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பார்சல் பிரித்த கையோடு எழுதிய மதிப்புரைகள்தான் அங்கே மிச்சம். 'பேக்கிங் அருமை' என்பவர்களில் எத்தனை பேர் கார்டை நிரப்பிப் பார்த்திருப்பார்கள்? அரை மாத வருமானம் போனவனின் நான்கு வரிக்கு அங்கே இடமில்லை.

தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகச் சொல்கிறேன் என்று மேலே எழுதினேன். இப்போது அதற்கான பொறுமை இல்லை. அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கடையில் வாங்கினாலும், எந்த விலைக்கு வாங்கினாலும், முதல் படம் எடுப்பதற்கு முன் கார்டை முழுக்க நிரப்பிச் சோதித்துவிடுங்கள். விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக் என்றால் எஃப்3, இரண்டும் இலவசம். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம்கூட ஆகலாம், ஆகட்டும். கேமராவில் ஃபார்மேட் ஆவதும், கொள்ளளவு சரியாகத் தெரிவதும் சோதனையே அல்ல.

அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வேக எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30 என்ற குறி இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி தொடர்ந்து எழுதும் என்று பொருள். படம் எடுப்பவர்களுக்கும் சாதாரண வீடியோவுக்கும் அது போதும். ஏ1, ஏ2 குறிகள் ஃபோனில் செயலிகளை ஓட்டுவதற்கானவை, கேமராவுக்கு அவற்றால் பயனில்லை. யுஎச்எஸ்-2 என்ற அதிவேக வகைக் கார்டின் பின்புறம் உலோகத் தொடுமுனைகள் இரண்டு வரிசை இருக்கும். ஒரே வரிசையை வைத்துக்கொண்டு அந்தப் பெயர் போட்டிருந்தால் கையிலேயே தொடாதீர்கள். உங்கள் கேமராவில் அதற்குரிய இடம் இல்லையென்றால் அசல் யுஎச்எஸ்-2 கார்டும் வீண் செலவுதான். பழைய கேமராவாக இருந்தால் 32 ஜிபிக்கு மேல் ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே 256க்குப் பதிலாக 64ல் இரண்டு மூன்று வாங்கி, மாற்றி மாற்றிப் போடுங்கள். கார்டு நிறுவனத்தின் தளத்தில் அங்கீகரித்த விற்பனையாளர் பட்டியல் இருந்தால் அதிலிருந்து வாங்குங்கள். இணையச் சந்தைகளில் ஒரே பொருளைப் பல விற்பனையாளர்கள் விற்கும்போது, யாருடைய சரக்கு உங்கள் பார்சலில் வருகிறது என்பதற்குச் சில இடங்களில் உறுதி கிடையாது.

கடைசியாக, விற்பனையாளர் எழுத்தில் சொன்னதையெல்லாம் படமாகச் சேமித்து வையுங்கள், ஏனென்றால் என் உரையாடல் பெட்டியில் அந்த இரண்டு மடங்கு வரி இப்போது தெரிவதில்லை. சோதனையில் முழுக் கொள்ளளவும் தேறும் வரை உறையையும் ரசீதையும் எறியாதீர்கள். தேறாவிட்டால் விற்றவரோடு பேசிக்கொண்டிருக்காமல், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.