அந்தமான் டூர் என்று 1,62,000 ரூபாய் போச்சு: நெல்லைக்காரர்கள் உஷார்

பாளையங்கோட்டையில் ஒரு டூர் ஏஜென்சியிடம் 1,62,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு டிக்கெட்டும் இல்லாமல் பணமும் இல்லாமல் நிற்கிறோம். அரையாண்டு லீவுக்கு அந்தமான் போக நினைக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

அம்மா, அண்ணன், மதினி, நாங்கள் இரண்டு பேர், மகள். தலைக்கு 27,000. அந்த ஆள் பேசியதெல்லாம் நியாயமாகவே இருந்தது, அதுதான் வயிறு எரிகிறது. “அண்ணாச்சி, அந்தமான்ல ரூம் எப்ப வேணாலும் கிடைக்கும். சீட்டுதான் விஷயம். கப்பல்ல போனா சென்னையிலருந்து மூணு நாளாகும், அதனால எல்லாரும் பிளைட்டுக்குத்தான் வருவாங்க. ரன்வே நேவி கையில இருக்கு, கூட்டம் வருதுன்னு நெனச்ச நேரமெல்லாம் கூடுதலா பிளைட் விட முடியாது. டிசம்பர் கடைசில விலை எங்கயோ போயிரும். நான் முன்னாடியே குரூப் சீட் பிளாக் பண்ணிட்டேன்” என்றார். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி ஆறு எழுத்து பிஎன்ஆரை, அதாவது புக்கிங் நம்பரைக் காட்டினார். அம்மாவின் ஆதார் ஜெராக்ஸை வாங்கி, மேலே “ஜன்னல்” என்று பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார். அம்மா இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துத்தான் அண்ணன் முழுப் பணத்தையும் அங்கேயே ஜிபே பண்ணினான்.

அப்புறம் ஆரம்பித்தது. டிக்கெட் கேட்டால் “சிஸ்டம் ஸ்லோ”. “பையன் சாப்பிடப் போயிருக்கான்.” “ஓனர் மதுரையில இருக்கார்.” கடைசியில், “ஃபேர் ஏறிட்டு, தலைக்கு 9,000 கூடப் போடுங்க” என்றார்கள். பிளாக் பண்ணிய சீட்டுக்கு எப்படி விலை ஏறும்? விமானக் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டேன். ஏஜென்சி மீதிப் பணம் கட்டாததால் அந்த குரூப் சீட்டெல்லாம் எப்போதோ கேன்சல் ஆகிவிட்டதாம்.

அவர்கள் செய்தது இதுதான். ஒரே விமானத்தில் குறைந்த விலை சீட்டுகள் கொஞ்சம்தான் இருக்கும். அவை தீரத் தீர அடுத்த விலை, அதற்கடுத்த விலை என்று ஏறும். சீசன் இல்லாத நேரத்தில் சீட் மிஞ்சினால் சில சமயம் இறங்கும். இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று எங்கள் 1,62,000 ரூபாயை வைத்துச் சூதாடியிருக்கிறார்கள். விமானத்தை விட்டால் சீக்கிரம் போக வேறு வழியே இல்லாத தீவுக்கு, பள்ளிக்கூட லீவில் எப்படி இறங்கும்? அந்தமானின் ஹாவ்லாக் தீவில் ரூம் காலியாக இருந்து என்ன பிரயோஜனம், போய்ச் சேர சீட் வேண்டாமா?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “கேன்சலேஷன் சார்ஜ் போக 20,000 தரலாம்” என்கிறார்கள். போடாத டிக்கெட்டுக்குக் கேன்சலேஷன் சார்ஜாம்!

பிஎன்ஆர் கொடுத்தால் விமானக் கம்பெனி வெப்சைட்டில் நீங்களே போட்டு உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். “பிளாக்”, “ஹோல்டு” என்றால் அது டிக்கெட் இல்லை. முடிந்தால் விமான டிக்கெட்டை நீங்களே எடுத்துவிட்டு, ரூமுக்கும் படகுக்கும் மட்டும் ஏஜெண்டிடம் போங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். ரசீது வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். காலையில் அண்ணனும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம். இதே மாதிரி அங்கே ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதோடு வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம்.