ஆறு வருஷமா இந்த மெஷினோட குப்ப கொட்டுறேன்

கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்குற பழைய ஜூனியர் நேத்து வாட்சாப்ல கேட்டா, "அக்கா, உங்க லேப்ல இருக்குற பார்ட்டிகல் கவுண்டரத்தான் நாங்களும் எடுக்கப் போறோம், நல்லாருக்கா?"ன்னு. ஊசி மருந்துல கெடக்குற கண்ணுக்குத் தெரியாத துகள எண்ணுற மெஷின் அது. கேட்ட நேரம் சரியில்ல லா, போன வாரம்தான் ரிப்பேர் பில்லு வந்துச்சு, அந்தக் காச இன்னும் கொஞ்சம் சேத்தா பழைய மைவி காரு ஒண்ணு எடுத்துரலாம்.

எண்ணுறதுல குறை சொல்ல மாட்டேன். பத்து வயல (ஊசி மருந்து வர்ற குட்டி பாட்டில்) ஒண்ணா ஊத்தி வெச்சா அஞ்சஞ்சு எம்எல்லா நாலு தடவ இழுக்கும், மொத தடவைய விட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி. சின்ன வயல் ஒண்ணுக்கு 10 மைக்ரானும் அதுக்கு மேலயும் உள்ள துகள் 6000, 25 மைக்ரானும் அதுக்கு மேலயும் 600, அதுக்குள்ள இருந்தா பாஸ். ஃபில்டர மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சு ஒண்ணொண்ணா எண்ணி கண்ணு பூத்துப் போன ஆளு நான், மொத தடவ இது சில நிமிஷத்துல நம்பர் கொடுத்தப்போ கும்பிடத் தோணுச்சு.

ஆனா இந்தக் காத்துக் குமிழ் இருக்கே! இதுக்குத் தெரியறது நிழல் மட்டும்தான், லேசர மறைச்சது ரப்பர் தூளா, கண்ணாடிச் சில்லா, வெறும் குமிழான்னு அதுக்கு என்ன கவல, மறைச்சா எண்ணிக்கைல சேத்துரும். வயல மெதுவா 20 தடவ கவுத்துக் கலக்கணும்னு முறையே இருக்கு, கை கொஞ்சம் வேகமாப் போனாலும் குமிழ், அப்புறம் அதப் போக்க சோனிக்கேட்டர்ல (ஒலி அதிர்வுல குமிழப் போக்குற தொட்டி) வை இல்ல சும்மா நிக்க வைன்னு இன்னொரு வேல. புரத மருந்துன்னா போச்சு, வேகமா ஆட்டுனா மருந்தே திரண்டு துகளாயிரும்.

பிப்ரவரில பிளாங்க் (மருந்து இல்லாம வெறும் தண்ணிய ஓட்டிப் பாக்குற சோதனை) ஏறிருச்சு. சுத்தத் தண்ணி, அஞ்சு தடவ சேத்து 25 எம்எல்லுக்கு 10 மைக்ரான் துகள் 25க்கு மேல வரக்கூடாது, எங்களுக்கு 40க்குக் கீழ எறங்கவே இல்ல. தண்ணிய மாத்துனோம், பவுடர் இல்லாத கிளவுஸ்தானான்னு பெட்டி பெட்டியாப் பாத்தோம், லாமினார் ஃப்ளோ (சுத்தக் காத்து வீசுற மேசை) ஃபில்டர சந்தேகப்பட்டோம், புதுசா சேந்த பையன நான் ரெண்டு தடவ கத்திட்டேன், அவன் பாவம் மூஞ்சி சுருங்கிப் போய் கண்ணாடிச் சாமான எல்லாம் திரும்பக் கழுவுனான். மூணு வாரம். கடைசில சர்வீஸ் ஆளு கேஎல்லேர்ந்து வந்து மெஷினுக்குள்ள தண்ணிய இழுக்குற சிரிஞ்சக் கழட்டி, சீல் தேஞ்சிருக்கு, காத்து இழுக்குதுன்னாரு. சீல் மாத்த பத்தே நிமிஷம். பில்லு பூரா அவரு வந்து போன செலவும், தானே வந்து ஒட்டிக்கிட்ட கேலிபிரேஷனும் (அளவு சரிபாக்குறது)தான். இவ்ளோ வெல போட்டு விக்கிற மெஷினுக்கு "காத்து வருது"ன்னு ஒரு வார்த்த காட்டத் தெரியல பாருங்க.

நியாயமா சொன்னா சீல தேயறதுக்கு முன்னாடி மாத்தாதது எங்க தப்பு. ஆறு வருஷத்துல வேற எதுக்கும் இது மக்கர் பண்ணதில்ல.

அவளுக்கு "வேணாம்டி"ன்னுதான் பதில் போட்டேன். இன்னிக்கு காலைல பிளாங்க் ஓட்டுனேன், 25 எம்எல்லுக்கு 4. அந்தப் பையனுக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன்.