ஏடிஎச்டிக்கு சிபிடியா, மைண்ட்ஃபுல்னஸா?

பெரியவர்களுக்கான ஏடிஎச்டிக்கு (கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறு) மாத்திரையோடு என்ன தெரபி சேர்க்கலாம் என்று தேடினால் சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் கவனம் வைக்கும் தியானப் பயிற்சி), டிபிடி (உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத் தரும் சிகிச்சை) என்ற மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டையும் முயன்றுவிட்டு நான் சிபிடியில் நின்றேன். பழைய காயங்களைப் பேசி ஆற்றும் தெரபியை இங்கே சேர்க்கவில்லை. மனபாரத்தை இறக்க அது உதவலாம், வேலையைத் தொடங்கவும் முடிக்கவும் அது கற்றுத் தருவதில்லை.

மைண்ட்ஃபுல்னஸைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஏடிஎச்டிக்கென்று மனநல மருத்துவர் லிடியா சைலோவ்ஸ்கா குழுவினர் வடிவமைத்த 8 வாரப் பயிற்சி, தினம் 5 நிமிடத்தில்தான் தொடங்குகிறது. கவனம் நழுவியதை நழுவிய கணத்திலேயே கண்டுகொள்ள எனக்குக் கற்றுத் தந்தது இந்த வகைப் பயிற்சிதான்.

ஆனால் நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து: பாதியில் விட்டால் திரும்பி வர முடிகிறதா? ஏடிஎச்டி உள்ள நமக்கு எந்தப் பழக்கமும் ஒரு கட்டத்தில் அறுந்து போகும். சோம்பல் இல்லை அது, கோளாறின் இயல்பே அதுதான். தியானத்தை இரண்டு வாரம் விட்டபோது என் கையில் எதுவும் மிஞ்சவில்லை, குற்ற உணர்வைத் தவிர. சிபிடியில் எல்லாமே தலைக்கு வெளியே, தாளில் இருக்கிறது: ஒரே காலண்டர், ஒரே வேலைப் பட்டியல், ஒவ்வொரு வேலைக்கும் அவசர வரிசை. இரண்டு வாரம் கழித்துத் திறந்தாலும் விட்ட பக்கம் அப்படியே இருக்கும். வேலைக்கு நடுவே வேறு யோசனை வந்தால் அதைப் பக்கத்தில் குறித்துவிட்டு, டைமர் அடிக்கும்வரை கையிலுள்ள வேலையைத் தொடர வேண்டும். அப்புறம், ‘இதையும் விட்டுட்டேன், இனி எதுக்கு’ என்ற நினைப்பையே எடுத்துப் பேசுவதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. வீட்டுப்பாடம் செய்யாமல் போன வாரத்தில், ஏன் செய்யவில்லை என்பதே அந்த அமர்வின் பாடமாகிவிடும்.

மருந்து எடுத்தும் அறிகுறிகள் மிஞ்சிய 86 பேரிடம் உளவியலாளர் ஸ்டீவன் சஃப்ரன் குழு நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. தளர்வுப் பயிற்சியும் ஏடிஎச்டி பற்றிய விளக்கமும் பெற்றவர்களைவிட சிபிடி பெற்றவர்கள் நன்றாக முன்னேறினார்கள். பலன் கண்டவர்களுக்கு அது 12 மாதம் கழித்தும் நீடித்தது.

டிபிடிக்கு நான் போனதில்லை. அதன் அடிப்படையிலான குழு சிகிச்சையை ஜெர்மனியில் 433 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் அது மருத்துவரின் எளிய தனி ஆலோசனையை மிஞ்சவில்லை. ஆனாலும் கோபமும் உணர்ச்சிக் கொந்தளிப்பும்தான் உங்கள் முதல் பிரச்சினை என்றால், என் தேர்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்தப் பக்கம் பெரிய சிக்கல் இருந்ததில்லை.

சிபிடி என்று பெயர் போட்டதெல்லாம் ஒன்றல்ல, இதைக் கவனியுங்கள். நான் முதலில் போனது மனச்சோர்வுக்கான வழக்கமான சிபிடி. எண்ணங்களை அலசுவதிலேயே ஆறு வாரம் போனது, காலண்டர் பேச்சே எழவில்லை. ஏடிஎச்டிக்கான சிபிடி காலண்டரிலும் பட்டியலிலும் தொடங்கி, எண்ணங்களுக்குப் பிறகுதான் வருகிறது. முதல் சில அமர்வுகளில் என்ன செய்வோம் என்று தெரபிஸ்டிடம் முன்கூட்டியே கேளுங்கள்.