பெருவழியா, புல்மேடா, நீலிமலையா? சபரிமலைக்கு நடந்து செல்லும் மூன்று பாதைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஒவ்வொரு ஐயப்பக் குழுவிலும், வழிநடத்தும் மூத்தவரான குருசாமியைச் சுற்றி அமர்ந்து பேசப்படும் முதல் கேள்வி, இந்த ஆண்டு எந்தப் பாதை என்பதுதான். பெருவழியில் போனால்தான் யாத்திரை நிறைவு பெறும் என்று ஒருவர் சொல்வார். வண்டிப்பெரியாறு வழியாகப் போனால் ஒரே நாளில் முடியும் என்று இன்னொருவர் சொல்வார். வயதான சாமிகள், மலையடிவாரத்துப் பம்பையிலிருந்து ஏறினாலே போதும் என்று சற்றுத் தயக்கத்தோடு சொல்வார்கள். அந்தத் தயக்கம் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. நீண்ட பாதை உயர்ந்த பக்தி, குறுகிய பாதை குறைந்த பக்தி என்ற கணக்கை வைத்துக்கொண்டு திட்டமிடும்போதுதான், நடக்க இயலாதவர்கள் காட்டுக்குள் போய்த் தவிக்கும் நிலை உண்டாகிறது. பாதையை முடிவு செய்ய வேண்டியவை இரண்டே இரண்டு: குழுவில் மிகவும் தளர்ந்த கால் எவ்வளவு இறக்கத்தைத் தாங்கும் என்பது ஒன்று; இருமுடியில் கொண்டுசெல்லும் நெய்யை ஐயப்பனுக்கு அபிஷேகம் செய்யும் நெய்யபிஷேகத்துக்கு எந்த நாள் காலையில் கோயில் இருக்கும் சன்னிதானத்தில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வைத்து மூன்று பாதைகளையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலாவது, எருமேலியில் தொடங்கும் பெருவழிப்பாதை. பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதா நதி, கல்லிடும் குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரியிலந்தோடு, கரிமலை, பெரியானவட்டம், சிறியானவட்டம் என்று வந்து பம்பையில் இறங்கி, அங்கிருந்து நீலிமலை ஏறும் வழி இது. ஏறத்தாழ 45 கி.மீ. நடை. இரண்டாவது, வண்டிப்பெரியாற்றிலிருந்து ஜீப்பிலோ பேருந்திலோ சத்திரம் சென்று, அங்கிருந்து உப்புப்பாறை, புல்மேடு வழியாகப் பம்பையைத் தொடாமலேயே சன்னிதானத்தின் பின்புறம் இறங்கும் வழி. ஏறத்தாழ 12 கி.மீ. மூன்றாவது, பெரும்பாலோர் செல்லும் சிறுவழிப்பாதை. பம்பையிலிருந்து நீலிமலை, அப்பாச்சிமேடு, சபரிபீடம், மரக்கூட்டம், சரங்குத்தி வழியாக ஏறக்குறைய 5 கி.மீ. ஏற்றம். முதல் இரண்டும் பெரியார் புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் செல்பவை. கார்த்திகையில் தொடங்கும் மண்டலக் காலத்திலும், தைப் பிறப்பை ஒட்டிய மகரவிளக்குக் காலத்திலும்தான் அவை பக்தர்களுக்காகத் திறக்கப்படுகின்றன. மாதப் பூசைக்குச் செல்ல நினைப்பவர்களுக்குப் பம்பை வழி மட்டுமே உண்டு என்பதால் அவர்களுக்கு இந்த அலசல் தேவைப்படாது.

பெருவழியின் சிறப்பு அதன் நீளத்தில் இல்லை. ஐயப்பன் கதையின் ஒவ்வொரு கட்டமும் அந்த வழியில் ஓர் இடமாக நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. எருமேலியில் முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு, சரக்கோல் என்னும் மர அம்போடு பேட்டை துள்ளல் ஆட்டம் ஆடி, ஐயப்பனின் தோழர் வாவரின் பள்ளிவாசலை வலம்வந்து புறப்படும், முதன்முறை மலைக்குச் செல்லும் கன்னிசாமிக்கு, அரக்கி மகிஷியை ஐயப்பன் வதம் செய்த கதையை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அழுதா நதியில் முழுகி எழும்போது ஆற்றடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொள்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், வழவழப்பாக, குளிர்ந்து இருக்கும் அந்தக் கல், அழுதா மேட்டின் செங்குத்தான ஏற்றத்தில் வியர்வை பட்டுச் சூடேறிவிடும். ஒரு கை தலையிலுள்ள இருமுடியைப் பிடித்திருக்க, மறு கை கல்லை இறுகப் பற்றியிருக்க, பிடிமானமின்றி ஏறுகிறோம். மகிஷியின் உடலைப் புதைத்த இடமாகக் கருதப்படும் கல்லிடும் குன்றில் அதை இட்டுவிட்டு நிமிரும்போது, கை மட்டுமல்ல, நெஞ்சும் இலேசாகிறது. மற்ற இரு பாதைகளிலும் இதற்கு ஈடான ஓர் அனுபவம் கிடையாது என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் இதே பாதைதான் காலையும் அதிகமாகக் கேட்கிறது. கரிமலையின் ஏற்றத்தை ஏழு தட்டுகளாகச் சொல்வது வழக்கம். ஒரு தட்டு முடிந்து மூச்சுவிட்டு நிமிர்ந்தால் அடுத்தது எதிரே நிற்கும். ஆயினும் கரிமலையைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இறக்கத்தைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. உச்சியிலிருந்து பெரியானவட்டம் வரை வேர்கள் பின்னிய, கற்கள் உருளும், மழை பெய்திருந்தால் சேறாகிப்போன இறக்கம் அது. ஏறும்போது மூச்சு வாங்கினால் உட்கார்ந்து இளைப்பாறலாம். இறங்கும்போது முழங்கால் விட்டுப்போனால், உட்கார்ந்து எழுந்த பின்பும் அதே வலிதான் காத்திருக்கும். கன்னிசாமிகள் வழியில் களைத்துப்போவதை நான் பெரும்பாலும் ஏற்றத்தில் பார்த்ததில்லை. கரிமலை இறக்கத்தின் பாதியில், ஒரு கம்பை ஊன்றிப் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கும்போதுதான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் புல்மேட்டுப் பாதையைப் பற்றிய பெரிய தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். உயரமான இடத்தில் தொடங்கிச் சன்னிதானத்துக்கு இறங்குவதால் இது எளிய வழி என்று தேனி, கம்பம் வழியாக வரும் நம் குழுக்களில் பலரும் நம்புகிறார்கள். முதற்பாதி உண்மையிலேயே இதமானது. காடும் புல்வெளியும் மாறி மாறி வரும் மலைமுகட்டில், மூடுபனி விலகும்போது அடுக்கடுக்காகத் தெரியும் மலைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பது பெரும் பேறு. ஆனால் புல்மேட்டில் நிழல் குறைவு. பனி விலகிய பின் வெயில் நேரே தலையில் இறங்கும். அதன்பின், காட்டுக்குள் புகுந்து சன்னிதானம் நோக்கிச் செல்லும் கடைசிப் பகுதி விடாத இறக்கம். ஏற்கெனவே பல கி.மீ. நடந்து வெயிலில் வாடிய கால்கள் அந்த இறக்கத்தைத்தான் கடைசியில் சந்திக்கின்றன. கரிமலை இறக்கத்துக்குப் பின் பெரியானவட்டத்தில் உட்கார்ந்து, கஞ்சி குடித்து, தூங்கி எழுந்து மறுநாள் பம்பைக்குப் போகலாம். புல்மேட்டு வழியில் இடையில் இரவு தங்க இடமில்லை. இருட்டுவதற்குள் இறங்கியே தீர வேண்டும். ஆகவே மொத்த உழைப்பில் பெருவழி கடினம். ஒரே நாளில் முழங்கால் மீது விழும் சுமையில் புல்மேடு அதற்குக் குறைந்ததன்று. மூட்டுத் தேய்மானம் உள்ளவரை, இறக்கம்தானே என்று சொல்லிச் சத்திரம் வழியாக அழைத்துச் செல்வது நல்ல யோசனை அல்ல.

நீலிமலையில் இதற்கு நேர்மாறான நிலை. பம்பையிலிருந்து சன்னிதானம் வரை ஏற்றமே மிகுதி. முழங்காலுக்கு அது பரவாயில்லை; இதயத்துக்கும் நுரையீரலுக்கும்தான் சோதனை. அப்பாச்சிமேடு வரையிலான ஏற்றத்தில் வேகமாக நடந்து மார்வலிக்கு ஆளாகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. அதற்காகவே வழிநெடுக அவசர சிகிச்சை மையங்களும் ஆக்சிஜன் வசதியும் வைத்திருக்கிறார்கள். மூலிகைக் குடிநீர் கிடைக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு டோலி உண்டு. நீலிமலையைத் தவிர்த்துச் சற்று மென்மையான சாய்வுள்ள சுவாமி ஐயப்பன் சாலையிலும் மரக்கூட்டம் வரை செல்லலாம். இரத்த அழுத்தம், இதயக்கோளாறு உள்ள சாமிகளுக்கு இந்த ஏற்பாடுகள்தான் பெரிய துணை. கரிமலை உச்சியில் ஒருவருக்கு மார்வலி வந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைத் தவிர விரைவான வழி எதுவுமில்லை. இப்படிப்பட்ட ஒருவர் குழுவில் இருந்தால், குழு முழுவதும் சிறுவழியில் செல்வதில் எந்தக் குறையும் இல்லை. பதினெட்டாம்படிக்கு வேண்டியது இருமுடி. எந்த வழியில் வந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இனி நேரக் கணக்கு. நெய்யபிஷேகம் அதிகாலையில் தொடங்கி முற்பகலோடு முடிந்துவிடும். இதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பம்பை வழியில் வருபவர்கள், முன்பதிவு செய்த நேரத்தையும் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, முந்தைய நாள் மாலையோ பின்னிரவோ ஏறத் தொடங்கினால் போதும். சத்திரத்திலிருந்து வருபவர்கள் காலையில் புறப்பட்டு, ஐந்தாறு மணி நேரம் நடந்து, மாலையில் சன்னிதானம் சேர்ந்து, இரவு அங்கே தங்கி, மறுநாள் காலையில்தான் நெய் அபிஷேகம் செய்ய முடியும். பெருவழியில் வருபவர்களுக்குப் பம்பை சேரவே ஒன்றரை நாள் வேண்டும்: முதல் நாள் விடியலில் பேட்டை துள்ளிப் புறப்பட்டால் அழுதையிலோ முக்குழியிலோ இரவுத் தாவளம் (தங்குமிடம்), இரண்டாம் நாள் கரிமலை கடந்து மாலையில் பம்பை, உடல் இடங்கொடுத்தால் அன்றிரவே ஏற்றம். இதில் ஓர் அரை நாளைக் கூடுதலாக வைக்காத திட்டம் திட்டமே அல்ல என்பது என் உறுதியான கருத்து. அலுவலக விடுப்பு மூன்று நாள்தான் என்றால், ஊரிலிருந்து வந்துபோகும் பயணத்தையும் சேர்த்துப் பெருவழியை அதற்குள் திணிக்கக் கூடாது. அவசரத்தில் கடக்கும் கரிமலை, கண்ணில் படாத கரிமலைதான்.

நேரத்தைப் பொறுத்தவரை காட்டுப் பாதைகள் இரண்டுக்கும் பொதுவான ஒரு கண்டிப்பு உண்டு. யானை நடமாட்டம் காரணமாக, குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் யாரையும் வனத்துறை உள்ளே விடாது. சத்திரத்தில் காலையில் திறக்கும் வாயில் நண்பகலை ஒட்டி அடைக்கப்படுகிறது. பெருவழியிலும் அழுதை, முக்குழிப் பகுதிகளில் பிற்பகலுக்குப் பின் நிறுத்திவிடுவார்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழு ஒருமுறை குமுளி மலைப்பாதையில் வாகன நெரிசலில் சிக்கிக்கொண்டு, வாயில் அடைத்து அரை மணி நேரம் கழித்துச் சத்திரம் போய்ச் சேர்ந்தது. எவ்வளவு கெஞ்சியும் விடவில்லை. விடாததே சரி என்பது இப்போது புரிகிறது. அங்கிருந்து திரும்பிக் குட்டிக்கானம், முண்டக்கயம், எருமேலி என்று சுற்றி, பம்பைக்குச் செல்பவர்களின் வண்டிகள் நிற்கும் நிலக்கல் வந்து சேர்வதற்குள் இரவாகிவிட்டது. அன்று முதல், புல்மேட்டு வழியில் செல்வதாக இருந்தால் முந்தைய இரவே வண்டிப்பெரியாற்றில் தங்குகிறோம். பெருவழியில் வாயிலைத் தவறவிட்டால் தாவளத்தில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கினால் தீர்ந்தது. சத்திரத்தில் தவறவிட்டால் பாதையையே மாற்ற வேண்டியிருக்கும். இந்த வேறுபாட்டைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மகரவிளக்கு நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 ஜனவரி 14 அன்று, ஜோதி தரிசனம் முடிந்து திரும்பிய கூட்டத்தில் புல்மேட்டுப் பகுதியில் நேர்ந்த நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் பலர். 1999ஆம் ஆண்டு அதே ஜனவரி 14 அன்று பம்பையிலும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். ஏற்பாடுகள் அதன்பின் எவ்வளவோ மாறியுள்ளன என்றாலும், குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்லும் குழு அந்த நாளில் மலைமுகட்டில் கூட்டத்தோடு இருட்டில் நிற்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மண்டலக் காலத்தின் நடுப்பகுதியில், வார நாளில், அதே புல்மேடு வேறோர் உலகமாக இருக்கும்.

உணவும் தண்ணீரும் பற்றி நீட்டத் தேவையில்லை. பெருவழியில் தாவளங்கள்தோறும் கடைகளும் அன்னதானமும் உண்டு, புல்மேட்டு வழியில் ஓரிரு இடங்களில் மட்டும் கிடைக்கும், சிறுவழியில் குறைவேயில்லை. இரு காட்டுப் பாதைகளிலும் கார்த்திகை மழையில் அட்டைகள் மிகுதி; கொஞ்சம் உப்போ சுண்ணாம்போ இடுப்பில் இருக்கட்டும். பிளாஸ்டிக் எதையும் இருமுடியில் வைக்கக் கூடாது. நெய்த்தேங்காயின் கண்ணில் அடைத்த தக்கையைப் புறப்படுமுன் அழுத்திப் பார்த்துக்கொள்வதும் முக்கியம்: இரண்டு நாள் வெயிலில் தலைச்சுமையாக ஆடிச் செல்லும் பெருவழியில், சரியாக அடைக்காத நெய் கசிந்து இருமுடி முழுவதும் ஊறிவிடும்.

எங்கள் குழுவுக்கு இந்த ஆண்டுக்கென நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். நாற்பத்தோரு நாள் விரதத்தில் வெறுங்காலோடு தினமும் நடந்து, வாரம் ஒருமுறையாவது ஏதேனும் ஒரு குன்றில் ஏறி இறங்கிப் பழகியவர்கள் பெருவழியில் செல்கிறார்கள். கன்னிசாமிகள் உடல்நலமுள்ளவர்களாக இருந்தால் கட்டாயம் அவர்களோடு. மற்றவர்கள் ஒரு நாள் பின்னால் புறப்பட்டுப் பம்பைக்கு வருகிறார்கள். இரு பிரிவும் பம்பையில் சேர்ந்து ஒன்றாக நீலிமலை ஏறுகிறோம். புல்மேடு இந்தக் கணக்கில் வரவில்லை, ஏனெனில் அது பம்பையைத் தொடுவதில்லை. அந்த வழியில் வருபவர்களைச் சன்னிதானத்துக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நான்கைந்து பேர் மட்டுமே செல்லும், எல்லாரும் நன்றாக நடக்கக்கூடிய, இரண்டே நாள் உள்ள குழுவுக்கு நான் புல்மேட்டைத்தான் சொல்வேன்.

வண்டியை மட்டும் மறந்துவிடக் கூடாது. எருமேலியிலோ சத்திரத்திலோ நம்மை இறக்கிவிட்ட வேன், தரிசனம் முடித்து நாம் பம்பைக்கு இறங்கும்போது, 20 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவில் நிலக்கல் நிறுத்துமிடத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு நடுவே நிற்கும். பம்பையிலிருந்து அங்கே அரசுப் பேருந்தில்தான் போக வேண்டும். காட்டுக்குள் கைப்பேசி பெரும்பாலும் வேலை செய்யாது. வெளியே வரும்போது மின்னேற்றமும் தீர்ந்திருக்கும். ஆகையால் வேனின் எண்ணையும், ஓட்டுநரின் பேசி எண்ணையும், பிரிந்துவிட்டால் பம்பையில் கூட வேண்டிய இடத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு சாமியின் தோள்பையிலும் புறப்படும் இடத்திலேயே வைத்துவிடுகிறோம்.